யூதாசும் "பாவஞ்செய்தேன்" என்றுதானே சொன்னான்? மனஸ்தாபமும் மனந்திரும்புதலும்

பெரம்பூர் மாடிவீடு
வெள்ளி, இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். லெந்து காலத்து (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலம்) வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போய் வந்து, சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் பிடிக்காமல் இதை எழுதுகிறேன். இன்று எங்கள் சபைப் போதகர் ஐயர் எடுத்துக்கொண்ட பொருள் யூதாசும் பேதுருவும். ஒரே இரவில் இரண்டு சீடர்கள் ஆண்டவருக்குத் துரோகம் செய்தார்கள்: யூதாஸ் அவரை முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தான், பேதுரு ஒரு வேலைக்காரப் பெண் கேட்டபோது அவரைத் தெரியாது என்று மறுதலித்தார். ஒருவன் வருந்தினான், மற்றவர் மனந்திரும்பினார். வருத்தம் வேறு, மனந்திரும்புதல் வேறு என்று பிரித்துச் சொன்னார். நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய பிரசங்கம்தான், தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மத்தேயு 27-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

யூதாஸ் எதைச் செய்யாமல் விட்டான்? மனஸ்தாபப்பட்டான் என்று வேதமே சொல்கிறது. முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். தனக்கென்று ஒரு காசு வைத்துக்கொள்ளவில்லை. "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று, அதுவும் பிரதான ஆசாரியர்களின் முகத்துக்கு நேரே, அறிக்கையிட்டான். பேதுருவோ வெளியே போய் மனங்கசந்து அழுதார், அவ்வளவுதான். அந்த வேலைக்காரப் பெண்ணிடம் திரும்பிப் போய், "அம்மா, நான் உன்னிடம் சொன்னது பொய்" என்று அவர் சொன்னதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு யூதாஸ் செய்தது முழுமையாகவும், பேதுரு செய்தது அரைகுறையாகவும் அல்லவா தோன்றும்? அப்படியிருக்க, எதை வைத்து முன்னதை வெறும் வருத்தம் என்கிறோம், பின்னதை மனந்திரும்புதல் என்கிறோம்? பேதுரு பின்னால் பெரிய அப்போஸ்தலர் ஆனார் என்பதை வைத்துத் திரும்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோமா?

வாதத்துக்காகக் கேட்கவில்லை. என் சொந்தக் கணக்கில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. உங்கள் பதில்களைப் பார்த்துவிட்டு, தைரியம் வந்தால் அதையும் எழுதுகிறேன்.

---

பழஞ்சுவடி
சனி, காலை 6.15

ஐயா, உங்கள் ஐயர் பிரித்துச் சொன்னதற்கு மூலமொழியில் ஓர் ஆதாரம் உண்டு. யூதாசைப் பற்றி மத்தேயு 27:3 பயன்படுத்தும் கிரேக்க வினை மெட்டமெலோமாய். செய்த காரியத்தைப் பின்னால் நினைத்து உள்ளம் நோவது அது. யோவான் ஸ்நானகனும் இயேசுவும் "மனந்திரும்புங்கள்" என்று கூப்பிட்டபோது வருகிற வினை மெட்டநோயேயோ; அது எண்ணும் விதமே மாறுவது. 2 கொரிந்தியர் 7:10-இல் பவுல் இந்த இரண்டு சொற்குடும்பங்களையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிறுத்துகிறார்: "தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது." நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே மனஸ்தாபம், மனந்திரும்புதல் என்று இரண்டு சொற்களைக் கவனமாகவே பிரித்து வைத்திருக்கிறது.

பிரசங்கிகள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் மத்தேயு 21-இல் தகப்பன் திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்னபோது "மாட்டேன்" என்ற மூத்த மகன் "பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான்" என்று இருக்கிறதே, அங்கும் கிரேக்கத்தில் யூதாசுக்கு வந்த அதே வினைதான். அந்த மகனை இயேசு குறை சொல்லவில்லை, தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் அவனே என்று மெச்சுகிறார். எதிர்ப்பக்கத்தில், லூக்கா 17:3-இல் "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்று தமிழில் இருக்கும் இடத்தில் கிரேக்கம் மெட்டநோயேயோ என்கிறது. ஆகவே, சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யூதாசைத் தள்ளிவிட முடியாது. மூத்த மகனுக்கும் யூதாசுக்கும் வந்த வருத்தம் ஒரே பெயருடையது. ஒருவன் அந்த வருத்தத்தோடு தோட்டத்துக்குப் போனான். மற்றவன் வேறெங்கோ போனான்.

மனந்திரும்புதல் என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கிரேக்கச் சொல்லில் மனம் மட்டுமே இருக்கிறது. எபிரேயத் தீர்க்கதரிசிகள் சொன்ன ஷூப் என்பதில் திரும்புதல் மட்டுமே இருக்கிறது. போன வழியை விட்டு வந்த வழியே நடப்பது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டது தமிழ். 1742-இல் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் உட்கார்ந்து வேதத்தை மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் தமிழின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டவர் என்பார்கள். அவருடைய முழு வேதாகமம் அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1796-இல்தான் வெளிவந்தது. அந்த மனிதரே முதுமையில் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார் என்பதை நினைக்கும்போது, பாவம், கடன், பாக்கி என்ற சொற்களெல்லாம் வேப்பேரியில் வெறும் அகராதிச் சொற்களாக இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். இழைக்குத் தொடர்பில்லாத பேச்சு, மன்னிக்கவும்.

---

சாந்தோம் மணியோசை
சனி, காலை 9.30

பழஞ்சுவடி ஐயா எழுதியதை ரசித்து வாசித்தேன். ஆனால் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த எனக்கு ஒரு முணுமுணுப்பு. உங்கள் பக்கம் மனஸ்தாபம் என்ற சொல்லை யூதாசுக்குக் கொடுத்துவிட்டீர்கள். எங்கள் பாட்டி ஒவ்வொரு இரவும் முழங்காலில் நின்று சொன்னது உத்தம மனஸ்தாப மந்திரம். எங்களுக்கு மனஸ்தாபம் என்பது மனந்திரும்புதலுக்குக் கீழே கிடக்கும் மட்டமான சரக்கு அல்ல, அதன் இதயமே அதுதான். தெருப்பேச்சிலோ அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனால் "அவங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம்" என்கிறோம். ஒரே சொல் மூன்று வீட்டில் மூன்று பொருளோடு குடியிருக்கிறது.

அந்தப் பழைய மந்திரத்தை உற்றுப் பார்த்தால் மாடிவீட்டு ஐயாவின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. "பாவம் செய்தேனே" என்ற அழுகையோடு அது தொடங்குவதில்லை. தேவரீர் அளவில்லாத நன்மையும் அன்பும் உள்ளவராயிருக்கிறீர், உம்மை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இப்படிப்பட்டவருக்குப் பொருந்தாததைச் செய்தேனே என்று பிறகுதான் மனம் நோகிறது. இனிச் செய்வதில்லை என்ற கெட்டியான பிரதிக்கினை அதற்கும் பின்னால் வருகிறது. யாருக்கு எதிராகச் செய்தோமோ அவருடைய முகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நம் அழுக்கைப் பார்க்கிறோம்.

எங்கள் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் இதை இரண்டாகப் பிரித்தது. கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் மனத்துயர் நிறைவானது. பாவத்தின் அருவருப்பையோ நரகத்தையோ எண்ணி அச்சத்தால் வரும் மனத்துயர் நிறைவற்றது. ஆனால் பின்னதைப் பொய் என்று சங்கம் தள்ளவில்லை. பாவம் செய்யும் விருப்பத்தை அது விலக்குமானால் அதுவும் கடவுளின் கொடையே. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட அது போதும். பயந்து வந்தவனை வாசலிலேயே நிறுத்தி "நீ அன்பினால் வந்தாயா?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருப்போம்?

---

லுத்தரன் பேரன்
சனி, பிற்பகல் 2.05

மணியோசை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. உள்ளத்தில் துயரம், வாயில் அறிக்கை, செயலில் பரிகாரம் என்று உங்கள் மரபு மூன்றாக வைக்கிறது அல்லவா? மாடிவீட்டு ஐயா போட்ட பட்டியலைப் பாருங்கள்: யூதாசிடம் மூன்றும் இருந்தன. இதனால்தான் எங்கள் ஆட்கள் 1530-இல் லுத்தரன் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 12-ஆம் பிரிவை எழுதியபோது, மனந்திரும்புதலுக்கு இரண்டே பகுதிகள் என்றார்கள்: பாவம் உணர்த்தப்பட்டு மனச்சாட்சி நடுங்குவது ஒன்று, கிறிஸ்துவின் நிமித்தம் பாவம் மன்னிக்கப்படுகிறது என்று நம்பி அந்த நடுக்கத்திலிருந்து விடுபடுவது மற்றொன்று. நற்செயல்கள் அதன் கனிகளாகப் பின்னால் வரும். யூதாசுக்கு முதல் பகுதி முழுமையாக, நம் யாருக்கும் வராத அளவுக்கு வந்தது. இரண்டாவது வரவில்லை.

அவன் யாரிடம் போனான் என்று கவனியுங்கள். அவனோடு சேர்ந்து அந்தப் பேரத்தைப் பேசியவர்களிடமே போனான். "பாவஞ்செய்தேன்" என்றதற்கு அவர்கள் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன் பாடு." வேதாகமம் முழுவதிலும் இதைவிடக் கொடிய பாவமன்னிப்பு மறுப்பு எனக்குத் தெரியாது. உடைந்துபோய் வந்த ஒருவனிடம், அதுவும் ஆசாரியர்கள், "உன் பாடு" என்றார்கள். ஆண்டவர் அந்த நேரத்தில் அதே நகரத்தில்தான், கட்டப்பட்டவராக, உயிரோடு இருந்தார். சில மணி நேரம் கழித்து அவரோடு சிலுவையில் அறையப்பட்ட ஒரு கள்ளன் அவரிடம் வெறுங்கையோடு "அடியேனை நினைத்தருளும்" என்று கேட்டான், கேட்டது கிடைத்தது.

சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1517-இல் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். லெந்து நாற்பது நாள் கணக்கு அல்ல அது.

---

இரவுப்பணி செவிலி
சனி, இரவு 11.40

ஐயாமார் எழுதியதை எல்லாம் வாசித்தேன். எல்லாம் சரி. ஆனால் இங்கே பேசியவர்கள் அனைவரும் தவறு செய்தவனின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தவறைத் தாங்கிக்கொண்டவர்கள் நின்ற இடத்திலிருந்து ஒருவரும் பேசவில்லை. நான் அங்கிருந்து பேசுகிறேன்.

என் அப்பா குடித்தார். வியாசர்பாடியில் ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீடு. சம்பளம் வாங்கிய இரவு என்ன நடக்கும் என்று எழுதப் போவதில்லை. மறுநாள் காலை அவர் அழுவார். நடிப்பு அல்ல, அப்படி அழுகிறவரை நான் என் வேலையில்கூட அதிகம் பார்த்ததில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மனுஷனே இல்லை" என்று தேம்பித் தேம்பி அழுவார். அழுது முடிந்ததும் அவருக்குப் பசிக்கும். அம்மா எழுந்து, வீங்கிய கன்னத்தோடு, அவருக்கு இட்லி ஊற்றுவார். எனக்கு அப்போது பத்து வயது. வருத்தத்துக்கும் மனந்திரும்புதலுக்கும் என்ன வேறுபாடு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த இட்லிதான் நினைவுக்கு வருகிறது. அந்த அழுகையில் அம்மாவுக்கென்று ஒரு துளிகூட இல்லை. நான் எப்படிப்பட்டவனாகிவிட்டேன், என் மானம் போயிற்றே, என் பிள்ளைகள் என்னை என்ன நினைப்பார்கள் என்று, எல்லாம் நான், என், என்னை. அதற்கும் ஆறுதல் சொல்லவேண்டியவள் அடி வாங்கியவளே.

சவுல் ராஜாவும் "நான் பாவஞ்செய்தேன்" என்றுதான் சாமுவேலிடம் சொன்னார். அதே மூச்சில், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டார். தாவீதும் அதே வார்த்தையைத்தான் சொன்னார், ஆனால் பின்னால் எதையும் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். அவர் பிற்காலத்தில் குடியை விட்டார். விட்ட பிறகும் இரண்டு முறை விழுந்தார். மறுபடி விழுந்ததால் அவர் திரும்பியது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். குடி ஒரு நோயும்கூட என்பதை என் வார்டில் தினமும் பார்க்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அந்த இரண்டு முறையும் அவர் அழவில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தானாகவே மருத்துவமனைக்குக் கிளம்பினார். பவுல், பழஞ்சுவடி ஐயா காட்டிய வசனத்துக்கு அடுத்த வசனத்தில், தேவனுக்கேற்ற துக்கம் என்னென்ன பிறப்பிக்கும் என்று ஏழு சொல்கிறார். அந்த ஏழில் முதலாவது ஜாக்கிரதை. கண்ணீர் அந்த ஏழில் இல்லை.

---

பெரம்பூர் மாடிவீடு
ஞாயிறு, பிற்பகல் 3.20

செவிலி மகளின் பதிவை ஆராதனைக்குப் போகும்முன் வாசித்தேன். ராப்போஜனத்துக்கு முன் சபையாக எழுந்து நின்று பாவ அறிக்கை சொல்லும்போது எனக்கு நா எழவில்லை. இனி எழுதிவிடுவதே நல்லது.

2011-இல் எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு குடும்பம் இருந்தது. கணவரை இழந்த ஒரு பெண், பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். வாடகை 6,000, பத்து மாத அட்வான்ஸ் 60,000. மூன்று வருடத்தில் ஒரு மாதம்கூட வாடகை தாமதமானதில்லை. அவர்கள் காலி செய்தபோது, பெயிண்டிங் செலவு என்று சொல்லி 18,000 பிடித்துக்கொண்டு 42,000 கொடுத்தேன். சுவரில் அந்தப் பையன் கிறுக்கிய பென்சில் கோடுகள் நான்கோ ஐந்தோ இருந்தன, அதைத்தான் காரணம் காட்டினேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்று, "ஐயா, பெயிண்ட் அடிக்க இவ்வளவு ஆகுமா?" என்று அந்த அம்மா ஒரு முறை கேட்டார். "இப்பல்லாம் கூலி தெரியுமாம்மா உங்களுக்கு?" என்றேன். மறுபேச்சு இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர்கள் அவசரப்பட்டதால் பெயிண்ட் அடிக்கவே இல்லை. பையனின் கோடுகள் மேல் அவர்கள் ஒரு காலண்டரை மாட்டிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு லெந்துக்கும் இது எனக்கு நினைவுக்கு வரும். உண்மையாகவே வருந்தியிருக்கிறேன். ஒரு வருடம் பாரம் தாங்காமல் 5,000 ரூபாயைக் கவரில் போட்டுப் பெயர் எழுதாமல் சபைக் காணிக்கையில் சேர்த்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். யூதாசின் காசை வைத்து வெள்ளிக்கிழமை நான் அவ்வளவு நுணுக்கமாகக் கேள்வி கேட்டதற்குக் காரணம் இதுதான். அவனாவது முப்பதையும் திருப்பிக் கொடுத்தான்.

---

இரவுப்பணி செவிலி
ஞாயிறு, மாலை 5.00

ஐயா, நீங்கள் எழுதியதில் ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பதினெட்டாயிரம் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது?

---

பழஞ்சுவடி
ஞாயிறு, இரவு 8.10

மாடிவீட்டு ஐயா இதை எழுதியதற்கு நன்றி. காணிக்கைக் கவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நம்மில் பலர் அந்தக் குறுக்குவழியில் போனவர்கள்.

பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 5-இல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவன் இன்னொருவனுக்குக் குற்றம் செய்தால் அதை அறிக்கையிட வேண்டும். முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு இனத்தான் ஒருவனும் இல்லாமற்போனால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். ஆகவே, காணிக்கைப் பெட்டி கடைசி விலாசம். முதல் விலாசம் அந்த அம்மாவின் வீடு. மலைப்பிரசங்கத்திலும் அப்படித்தான்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே அப்படியே வைத்துவிட்டுப் போ, முன்பு சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. கடவுளே வரிசையில் அந்தச் சகோதரனுக்குப் பின்னால் நிற்கத் தனக்கு இடம் போட்டுக்கொள்கிறார்.

வேதத்துக்கு வெளியே ஒன்று. "எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று" என்ற குறளில் "மற்றன்ன" என்பது எதைச் சுட்டுகிறது என்பதில் உரைகள் பிரியும். தவறிச் செய்துவிட்டால் மீண்டும் அத்தகைய செயலைச் செய்யாமல் இருப்பது நன்று என்பது ஓர் உரை. பரிமேலழகரோ, பின்னால் இருந்து அந்த இரங்கலைச் செய்யாமல் இருப்பது நன்று என்று கொள்கிறார். அழுதுகொண்டு உட்காராதே என்கிறார். இந்த வாரம் எனக்கு இரண்டு உரையும் வேண்டியிருக்கிறது.

---

லுத்தரன் பேரன்
ஞாயிறு, இரவு 9.45

ஐயா பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இழை போகும் போக்கு எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. 18,000 கொடுத்தால் மனந்திரும்புதல், கொடுக்காவிட்டால் வெறும் வருத்தம் என்று ஆகிவிட்டால், மன்னிப்புக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டிவிட்டோம். ஆண்டவரைப் பார்க்க மரத்தில் ஏறிய வரிவசூல்காரன் சகேயு வீட்டில் நடந்த வரிசையைப் பாருங்கள். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று அவன் சொன்னதைக் கேட்டு ஆண்டவர் அவன் வீட்டுக்கு வரவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று அவர் மரத்தடியில் நின்று கூப்பிட்ட பிறகுதான் அவன் பணப்பை அவிழ்ந்தது. சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான்?

---

இரவுப்பணி செவிலி
திங்கள், காலை 7.30

இரவுப்பணி முடிந்து பேருந்தில் இருக்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன். கள்ளனின் கைகள் ஆணியில் இருந்தன, சகோதரா. ஐயாவின் கைகள் அப்படி இல்லை.

---

லுத்தரன் பேரன்
திங்கள், காலை 8.05

சரி அக்கா. ஏற்றுக்கொள்கிறேன்.

---

சாந்தோம் மணியோசை
திங்கள், பிற்பகல் 1.15

பேதுருவை, எங்கள் பாட்டி சொல்வதுபோல் இராயப்பரை, எல்லோரும் பாதியில் விட்டுவிட்டோம். அவர் வெறுமனே அழுதார், வேறொன்றும் செய்யவில்லை என்று ஐயா முதல் பதிவில் எழுதியிருந்தார். அழுததற்குமுன் நடந்தது லூக்காவில் மட்டும் இருக்கிறது: ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார். அங்கே முதலில் திரும்பியவர் பேதுரு அல்ல. பிறகு அவர் தனியாக எங்கும் போய் ஒளிந்துகொள்ளவில்லை. உயிர்ப்பு ஞாயிறு காலையில் பெண்கள் வந்து சொன்னபோது கல்லறைக்கு ஓடினார். மறுதலித்தவன் என்று ஊரறிந்த முகத்தோடு, மற்றச் சீடர்களோடேயே கிடந்தார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதியாகத் தோன்றுகிறது.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர்களைச் சந்திக்கும் யோவான் 21-இல், கரையில் கரிநெருப்பு மூட்டியிருந்தது. யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது: பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த முற்றத்தில் ஒன்று, இந்தக் கரையில் மற்றொன்று. அந்தக் காந்தல் வாசனை மூக்கில் ஏறும்போதே அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். ஆண்டவர் "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்கவில்லை. "என்னை அன்பு செய்கிறாயா?" என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். பட்டினப்பாக்கம் கடற்கரையில் விடியற்காலையில் வலை பிரிக்கிறவர்கள் சுள்ளி கொளுத்திக் குளிர்காய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் நினைவுக்கு வரும்.

யூதாஸ் பிறகு போய்த் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான்; அந்த முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்பிட்ட எந்த மனிதரும் நரகத்தில் இருக்கிறார் என்று எங்கள் திருச்சபை பெயர் சொல்லி அறிவித்தது கிடையாது. அவனைப் பற்றி நாமும் அளந்து பேசுவது நல்லது.

---

புதிய வாசகர்
திங்கள், இரவு 11.55

இங்கே எழுதியதில்லை, வாசிப்பேன். நான் செய்த தவறை அறிக்கையிட்டேன், பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன், அவரும் மன்னித்துவிட்டார். ஆனாலும் வருத்தம் போகவில்லை, இரவெல்லாம் அதே நினைவு. என்னுடையது லௌகிக துக்கமா? நான் உண்மையாக மனந்திரும்பவில்லை என்று அர்த்தமா?

---

இரவுப்பணி செவிலி
செவ்வாய், அதிகாலை 1.20

இல்லை. நீங்கள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டீர்கள். உணர்ச்சி அடங்கக் காலம் பிடிக்கும், அது மனந்திரும்புதலை அளக்கும் கோல் அல்ல. தூக்கம் கெடுவது தொடர்ந்தால், பாவம் என்று எண்ணி அதை மூடி வைக்காமல் ஒரு மருத்துவரையும் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டும் பேசுங்கள். யூதாஸ் நடந்த வழியில் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது அவன் தனியாகப் போனதுதான். நீங்கள் தனியாக இருக்க வேண்டாம். இப்போதே உள்பெட்டியில் எழுதுங்கள், நான் காலை ஏழு வரை விழித்திருப்பேன்.

---

பெரம்பூர் மாடிவீடு
சனி, மாலை 6.40

ஐந்து நாள் எழுதவில்லை. அந்த அம்மாவின் எண் என்னிடம் இல்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கு இன்னும் அவர்களோடு பழக்கம் இருக்கிறது. எதற்கு என்று கேட்டார். ஏதோ ஒரு காகிதம் கொடுக்கவேண்டும் என்று பொய் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டு, "பணம் பாக்கி" என்றேன். "அவங்க தரணுமா?" என்றார். "இல்லை, நான்தான்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். பதின்மூன்று லெந்து வருத்தத்தில் ஒருநாளும் வராத கூச்சம் அது.

வியாழக்கிழமை போன் செய்தேன். என் பெயரைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. நடந்ததைச் சொன்னேன். பெயிண்டிங் என்று நான் சொன்னது பொய், உங்களை ஏமாற்றி எடுத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். மறந்திருப்பார் என்று எங்கோ ஓர் ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறேன் போலும். "பதினெட்டாயிரம்" என்றார் அவர், நான் தொகையைச் சொல்லும் முன்பே. அந்த மாதம் பையனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வளையலை அடகு வைத்ததாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "அந்தச் சுவரை அப்புறம் அடிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செவிலி மகளின் இட்லி எனக்கு நினைவில் இருந்தது.

மகனின் ஜிபே எண்ணைக் கொடுத்தார். பழஞ்சுவடி ஐயா சொன்ன கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 21,600 அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து 3,600 திரும்பி வந்துவிட்டது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. அந்தப் பையன் அனுப்பினானா, அம்மா சொல்லி அனுப்பினானா என்று தெரியவில்லை, கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

ஐந்தில் ஒரு பங்கை வாங்க மறுத்தால் என்ன செய்வது என்று எண்ணாகமத்தில் ஏதாவது இருக்கிறதா, ஐயா?